சென்னைத் துறைமுகம்: கல்லும் மணலும்

நெய்தல் திணையைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் துறைமுகப் பட்டினங்களையும் பாடினர். பட்டினப்பாலை போற்றும் காவிரிப்பூம்பட்டினம், முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, யவனர் மரக்கலங்கள் வந்து சென்ற முசிறி ஆகிய மூன்றும் ஆறு கடலொடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்தவை. ஆற்றின் முகமே கலங்களுக்குப் புகலிடம் தந்தது. சென்னைக்கு இயற்கை அத்தகைய கொடை எதனையும் வழங்கவில்லை. கூவத்தின் முகத்துவாரம் ஆண்டின் பெரும்பகுதி மணலால் அடைபட்டுக் கிடப்பது. கரையோ வளைவின்றித் தெற்கு வடக்காக நேரே ஓடுவது. இத்தகைய கரையில் ஒரு பேரூர் எழுந்து, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் முழுமையான துறைமுகம் இன்றியே வாணிகம் நடத்தியது. பின்னர்க் கட்டப்பட்ட துறைமுகமோ கரையின் உருவத்தையே மாற்றிவிட்டது.

அலையும் படகும்

1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்நிலத்தைப் பெற்ற பிரான்சிஸ் டே, கப்பல்களின் வசதியைக் கருதி இவ்விடத்தைத் தேர்ந்தவர் அல்லர். இப்பகுதியில் துணி மலிவாகக் கிடைத்தது. அதுவே முதன்மைக் காரணம். மறு ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவில் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து சரக்கும் மனிதரும் கரை சேர்வதற்குள் மடக்கி அடிக்கும் அலைவரிசைகளைக் கடந்தாக வேண்டும்.

அதனைக் கடக்கும் கலை கரையோரப் படகோட்டிகளிடமே இருந்தது. மசூலாப் படகு எனக் கம்பெனிக் குறிப்புகளில் பெயர் பெற்ற அவர்களது படகில் ஆணியே கிடையாது; பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலை மோதினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுத்து மீளும். கவிழ்ந்தால் மீட்பதற்குக் கட்டுமரங்கள் உடன் செல்லும். ஆளுநராயினும் படைவீரராயினும் இந்நகரில் முதலில் உயிரை ஒப்படைத்தது இப்படகோட்டிகளிடமே. இராயபுரத்தில் நிற்கும் புனித பேதுரு ஆலயம் அச்சமூகத்தாரின் பணத்தால் எழுந்தது என்பது, அவர்கள் ஒருகாலத்தில் எய்தியிருந்த நிலைக்குச் சான்றாகும்.

வடகிழக்குப் பருவக்காற்றின்போது அக்கலையும் உதவாது. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, மறு மாதமே வீசிய புயலில் தம் கப்பல்கள் சிதறவும் மூழ்கவும் கண்டார். கோட்டையை வென்றவரைக் கடல் வென்றது எனலாம்.

கற்சுவர் எழுந்த கதை

சென்னையில் கப்பல் துறை ஒன்று அமைக்க வேண்டும் என்னும் கருத்தை 1770-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் முன்வைத்தார். அப்போது அவர் சென்னை ஆட்சிக் குழுவில் இருந்தவர். கருத்து செயலாவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. 1861-இல் கடலுக்குள் 1,100 அடி நீளும் இரும்புப் பாலம் ஒன்று முடிவுற்றது. அலைவரிசைகளுக்கு அப்பால் சரக்கை இறக்கலாம் என்பதே நோக்கம். 1868-இலும் 1872-இலும் வந்த புயல்கள் அதனைச் சிதைத்தன.

பாலத்தால் ஆகாது, அலையைத் தடுத்து நிறுத்தும் சுவர்களே வேண்டும் என்ற முடிவு அதன்பின் உறுதிப்பட்டது. பொறியாளர் வில்லியம் பார்க்ஸ் திட்டம் வகுத்தார். கரையிலிருந்து இரு கைகள் கடலுக்குள் நீண்டு, ஒன்றையொன்று நோக்கி மடங்கி, நடுவே கிழக்கு நோக்கிய வாயில் ஒன்றை விட்டு நிற்கும். 1875 டிசம்பர் 15-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு பணி தொடங்கியது.

அதே ஆண்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் தானியக் கப்பல்கள், கட்டி முடியாத அத்துறைக்கு வெளியே வந்து நின்றன. பழைய முறைப்படியே படகோட்டிகள் மூட்டைகளைக் கரை சேர்த்தனர். கடற்கரை நெடுகத் தானியம் குவிந்து கிடக்க, அதனை வாங்கும் பொருளற்றோர் உள்நாட்டில் மடிந்தனர். பசித்து வந்தோரைக் கொண்டு அரசு மற்றொரு பொதுப்பணியையும் நடத்தியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் 1877-78-இல் அவர்கள் கையால் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை.

சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-இல் பெரும்புயல் வீசியது. அலைதடுப்புச் சுவரில் அரை மைல் அளவு குலைந்தது; சுவர் கட்டப் பயன்பட்ட மாபெரும் பாரந்தூக்கிகளும் கடலில் வீழ்ந்தன. ஆய்வுகளும் வாதங்களும் நடந்தன, மீண்டும் கட்டினர். 1896-இல்தான் பணி நிறைவெய்தியது.

மணலின் வழி

அலையைத் தடுத்த சுவர் மணலையும் தடுத்தது. சோழமண்டலக் கரை நெடுக மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் சாய்ந்து வரும் அலை அதனை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் நோக்கின் வடக்கே செல்வதே மிகுதி. இவ்வாறு கரையோரமாக ஓடும் மணலாற்றின் குறுக்கே இடப்பட்ட அணையாகச் சென்னைத் துறைமுகம் அமைந்தது. மணல் சேரும் என்பதைப் பொறியாளர் அறியாதிருக்கவில்லை. எவ்வளவு, எவ்வளவு விரைவில் என்பதிலேயே கணக்கு பொய்த்தது.

தென்சுவரைச் சுற்றி வந்த மணல் கிழக்கு வாயிலைத் தூர்க்கத் தொடங்கியது. 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்பை ஏற்றிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அவ்வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. 1912-இல் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை இராமானுஜனுக்குத் துணை நின்றவராகவே தமிழ் மக்கள் இவரை நினைவுகூர்கின்றனர். மணலுக்கு வழிவிட்டு வாயிலை மாற்றிய அறிவும் நினைவில் வைக்கத்தக்கதே.

தெற்கும் வடக்கும்

தடைப்பட்ட மணல் துறைமுகத்திற்குத் தெற்கே ஆண்டுதோறும் படிந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-85-இல் கடற்கரை உலாச்சாலை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் அன்று கடலை அடுத்து நின்றது. இன்று அங்கிருந்து அலையைத் தொட நெடுந்தொலைவு மணலில் நடக்க வேண்டும். சில இடங்களில் மணற்பரப்பின் அகலம் 400 மீட்டரையும் மிஞ்சும்.

தெற்கில் சேர்ந்தது வடக்கில் குறைந்தது. வந்து சேர வேண்டிய மணல் வராமையால், இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிச் செல்லும் கரையைக் கடல் அரித்தது. வலை உலர்த்திய மணலும் கட்டுமரம் ஏற்றிய துறையும் குடிசைகள் நின்ற நிலமும் கடலாயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. கல்லடுக்கிய கரையில் கட்டுமரத்தை இழுத்து ஏற்ற முடியாது. கப்பல்கள் துறைமுகத்துக்குள் வந்து நிற்கத் தொடங்கியபின் மசூலாப் படகின் தேவையும் ஒழிந்தது. அலையைக் கடந்து ஒரு நகரத்தை ஊட்டிய மக்கள், முதலில் தொழிலையும் பின்னர் நிலத்தையும் இழந்தனர். இவ்விழப்பு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

1968 சனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் முதலியோர்க்குச் சிலைகள் எழுந்தன. அச்சிலைகளுக்கும் கடலுக்கும் இடையே விரிந்து கிடக்கும் வெண்மணல், இராயபுரத்தையும் காசிமேட்டையும் கடந்து வடக்கே செல்ல இருந்த மணல். அதில் அமர்ந்து கவிதை பேசுவோரும் அதனைப் பாடுவோரும், நான்கைந்து கல் தொலைவில் அம்மணலுக்குரிய கரை கருங்கல்லாய்க் கிடப்பதை ஒருமுறை நடந்து சென்று காண்பது தகும். நெய்தலுக்குரிய உணர்வு இரங்கல் என்பது தொல்காப்பிய மரபு. சென்னையின் நெய்தலில் இரங்குதற்குரிய பகுதி வடக்கே இருக்கிறது.