வெள்ளை அட்டையும் ஒரு பென்னி மீட்டரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடந்தது. ஆணி அதிகம், அதான். இன்னிக்கு எழுத வச்சது ஒரு கரண்ட்டு பில். என்னோட பில் இல்ல, ஒரு பெரியவரோடது.

எங்க ஊரு ஒடுகத்தூர்னு தெரியாதவங்களுக்கு: வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா, ஜவ்வாது மலை அடிவாரம். வெள்ளிக்கிழமைன்னா ஆட்டுச் சந்தை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பலாம்பட்டுன்னு மேல இருக்கிற மலை ஊருங்களுக்கு எதுன்னாலும் கீழ இறங்கி வரணும். மாத்திரை, மளிகை, மனு, எல்லாத்துக்கும்.

போன வாரம் சந்தையை ஒரு சுத்து சுத்திட்டு, கம்ப்யூட்டர் செண்டர்ல ஒரு ஜெராக்ஸ் எடுக்க நின்னேன். எனக்கு முன்னாடி அந்தப் பெரியவர். மஞ்சப்பையில இருந்து மடிச்ச வெள்ளை அட்டையை எடுத்து நீட்டினார். நம்ம எல்லார் வீட்டுலயும் மீட்டர் பெட்டிக்குள்ள சொருகி இருக்குமே, ரீடிங் எழுதற அட்டை, அதுதான். கடைப் பையன் நம்பரைத் தட்டி, தன் போன்லயே பணம் கட்டி, இருநூத்திச் சொச்சத்தோட இருபது ரூபா சேர்த்து வாங்கிக்கிட்டான்.

"இருபது ரூபா எதுக்குங்க ஐயா, ஆபீஸ்ல கட்டினா சும்மாதானே?"ன்னு கேட்டேன்.

"இன்னா பண்றது தம்பி. அங்க நின்னா பஸ்ஸு போயிடும். இன்னிக்கு கூலியும் போச்சு, பஸ்ஸுக்கு வேற துட்டு. இருபது ரூபாயைப் பாத்தா ஆவுமா?"

அதே பில்லை நான் வீட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டு போன்ல கட்டறேன். எனக்கு ஒரு பைசா அதிகம் ஆகறதில்ல. அவருக்கு பஸ் சார்ஜ், இருபது ரூபா, ஒரு நாள் கூலி. யூனிட் விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா கரண்ட்டோட விலை ஒண்ணா? இது மண்டையிலயே சுத்திக்கிட்டு இருந்தது. கொஞ்சம் பழசைக் கிளறிப் பாத்தேன். ஆகவே மக்களே, கொசுவத்தி ஸ்டார்ட்...

லண்டன் உண்டியல்

இங்கிலாந்துல 19ஆம் நூற்றாண்டுல கேஸ் விளக்குங்கறது வசதியானவங்க சமாச்சாரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா பில் வரும். வாரக்கூலி வாங்கற தொழிலாளி அவ்வளவு பணத்தைச் சேர்த்து வைக்க முடியாது. கம்பெனிக்காரனுக்கும் அவனை நம்பிக் கடன் கொடுக்க மனசில்ல. இதுக்கு 1880களோட கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, காசு போடற மீட்டர். ஒரு பென்னி போட்டா ஒரு பென்னிக்கான கேஸ் வரும், தீர்ந்ததும் அடுப்பு அணைஞ்சுடும். 1890கள்ல லண்டன்ல சவுத் மெட்ரோபாலிடன் கேஸ் கம்பெனி மாதிரி கம்பெனிங்க இதை ஏழை வீடுகள்ல கொண்டு போய் மாட்டினாங்க. லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் தடவையா கேஸ் அடுப்பு வந்தது இப்படித்தான்.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனா ஒரு பென்னிக்கு வர்ற கேஸ், பில் கட்டற பணக்காரருக்குக் கிடைக்கறதை விட குறைவு. மீட்டர் வாடகை, அடுப்பு வாடகை, குழாய் போட்ட செலவு, உண்டியலைத் திறந்து காசு எண்ற ஆளோட சம்பளம், எல்லாம் அந்த பென்னிக்குள்ளேயே அடக்கம். கம்பெனி சொன்ன நியாயம்: "செலவு அதிகம், அதனால விலை அதிகம்." கணக்குப்படி அது பொய்யும் இல்ல. ஆனா முன்கூட்டியே பணம் கொடுக்கறவன் அதிகமா கொடுத்தான். மூணு மாசம் எரிச்சுட்டு அப்புறம் கொடுக்கறவன் குறைச்சலா கொடுத்தான்.

இந்தக் கதை நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. காசு போய் சாவி வந்தது, சாவி போய் கார்டு வந்தது, ஏழைங்க மட்டும் அதிகம் கட்டிக்கிட்டே இருந்தாங்க. 2017 ஏப்ரல்லதான் ப்ரீபேமெண்ட் மீட்டர்காரங்களுக்குன்னு விலை உச்சவரம்பு வந்தது. 2023 பிப்ரவரியில பாக்கி வச்ச வீடுகளோட பூட்டை உடைச்சு, உள்ள போய் ப்ரீபேமெண்ட் மீட்டரை மாட்டின விவகாரம் பத்திரிகையில வெடிச்சு, கட்டாயமா மாட்டறதை நிறுத்த வேண்டியதாச்சு. அந்த ஜூலையில அரசாங்கம் கைக்காசு போட்டு விலை வித்தியாசத்தை சரி பண்ணிச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், நிரந்தரக் கட்டணத்தை எல்லாருக்கும் பகிர்ந்து அந்த வித்தியாசத்தை நீக்கிச்சு. இப்ப அங்க அதிகம் கட்டறது, வங்கியில ஆட்டோமேட்டிக்கா கழிக்கச் சொல்லாம பில் வந்தப்புறம் தானே கட்டறவங்க.

நம்ம கதை வேற மாதிரி

நம்ம ஊர்ல கரண்ட்டு விலைன்னாலே அரசியல். 1957 ஜூலை 1ல தமிழ்நாடு மின்வாரியம் உருவானப்புறம் கிராமம் கிராமமா கம்பி போச்சு, கூடவே பம்புசெட் போச்சு. 1970கள்ல கோவைப் பக்கம் மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க மாட்டு வண்டியைக் கொண்டு வந்து ஊரையே நிறுத்தினாங்க. சண்டை யூனிட்டுக்கு ஒரு பைசா, ரெண்டு பைசாவுக்கு. துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. 1984ல சிறு விவசாயிகளுக்கு இலவசம், 1990ல எல்லா விவசாயிக்கும் இலவசம்னு வந்ததுக்குப் பின்னாடி அந்த உயிருங்க இருக்கு.

குடிசைக்கு ஒரு விளக்கு திட்டமும் ஞாபகம் இருக்கும். மீட்டர் கிடையாது, பில் கிடையாது, ஒரே ஒரு குண்டு பல்பு. அதுக்கு முன்னாடி எங்க பாட்டி சிம்னி விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கினதை நான் பாத்திருக்கேன். ரேஷன்ல வாங்கினது தீர்ந்துடுச்சுன்னா பெட்டிக்கடையில சின்ன பாட்டில்ல வாங்கணும், ரேஷன் விலைக்கு டபுள். லண்டன்காரன் பென்னியும் எங்க பாட்டி பாட்டிலும் ஒரே கணக்குதான். சில்லறையா வாங்கறவன்தான் எப்பவும் அதிகமா கொடுக்கறான்.

இந்தப் பின்னணியில பாத்தா நம்ம வெள்ளை அட்டை நிஜமாவே பெரிய விஷயம். ரெண்டு மாசம் எரி, அப்புறம் ரீடிங் எடுப்பாங்க, அதுக்கப்புறமும் கட்ட இருபது நாள் அவகாசம். அதாவது கலெக்டருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே மாதிரி கடன். டெபாசிட் வாங்கிக்கறாங்க, அதுக்கு வட்டியும் தர்றாங்க. 2016 மே மாசத்துல இருந்து முதல் நூறு யூனிட் வேற இலவசம். எப்படிக் கட்டறேங்கறதுக்காக யூனிட் விலை மாறினதே இல்ல. இங்கிலாந்துக்காரன் நூறு வருஷம் சண்டை போட்டு வாங்கினது, நமக்கு சத்தமில்லாமலே இருந்தது.

அப்ப எல்லாம் சரியா?

இல்ல. ஓட்டை வேற இடத்துல இருக்கு.

முதல்ல வாடகைக்கு இருக்கறவங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வேற ஊர்ல ஒரு ஒண்டுக் குடித்தனத்துல இருந்தேன். வீட்டுக்காரர் சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு ஒரே விலைன்னு வாங்குவார், அரசு விலையை விட எக்கச்சக்கம். கையில ரொக்கமா, ஒண்ணாம் தேதி. இலவச யூனிட்டு எங்க போச்சுன்னு கேக்க முடியுமா? கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். அட்டை யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் அரசாங்கத்தோட விலை. இன்னொருத்தர் கை வழியா கட்டறவங்களுக்கு அந்தக் கையோட விலை.

ரெண்டாவது பம்புசெட் இணைப்பு. கரண்ட்டு இலவசம், ஆனா இணைப்புக்கு வரிசை. சாதாரண வரிசையில வருஷக்கணக்கா காத்திருக்கணும். தட்கல்ல 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம் கட்டினா முன்னாடி கிடைக்கும்னு திட்டம் வந்தது. மழை பொய்ச்சா உத்திரகாவேரி மணல்தான், கிணத்தை நம்பித்தான் எங்க பக்கம் பொழப்பு. இந்த ஊர் சிறு விவசாயிக்கு ரெண்டரை லட்சங்கறது என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மூணாவதுதான் இந்தப் பதிவோட மேட்டர், பணம் கட்டற வழி. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த மாசமே பெட்ரோல், டீசலுக்கு கார்டு தேய்ச்சா 0.75% தள்ளுபடின்னு வந்தது. 2017 ஜனவரியில கேஸ் சிலிண்டருக்கு ஆன்லைன்ல கட்டினா 5 ரூபா குறைவுன்னு சொன்னாங்க. கார் வச்சிருந்தவருக்கு தள்ளுபடி. ரேஷன் கடையில ரொக்கம் கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கின கிழவிக்கு ஒண்ணும் இல்ல. அந்த கார்டு தள்ளுபடியெல்லாம் அப்புறம் சத்தமில்லாம போயிடுச்சு, அது வேற கதை.

சட்டம் என்ன சொல்லுது?

2003 மின்சாரச் சட்டம் 62(3) பிரிவைப் படிச்சுப் பாருங்க. எந்த நுகர்வோருக்கும் தேவையில்லாம சலுகை காட்டக் கூடாது. விலையை வித்தியாசப்படுத்தணும்னா, எவ்வளவு யூனிட், எந்த நேரம், எந்த வோல்டேஜ், எந்த இடம், என்ன உபயோகம்னு ஒரு பட்டியல் இருக்கு. எப்படிப் பணம் கட்டறாங்கங்கறது அந்தப் பட்டியல்ல இல்ல.

ஆனா 2020 டிசம்பர் கடைசியில மத்திய அரசு கொண்டு வந்த மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள்ல, ஆயிரம் ரூபாய்க்கு மேல, இல்லன்னா ஆணையம் குறிப்பிடற தொகைக்கு மேல உள்ள பில்லை ஆன்லைன்லதான் கட்டணும்னு இருக்கு. ஆன்லைன்ல கட்டறவங்களுக்கு ஊக்கத் தள்ளுபடியும் கொடுக்கணுமாம். உரிமைகள் விதியில எனக்குப் பிடிச்ச உரிமையே இதுதான் :-)

அதோட சேர்ந்து ஸ்மார்ட் ப்ரீபெய்டு மீட்டர் வருது. பீகார்ல பெரிய அளவுல மாட்டிட்டாங்க. அங்க ப்ரீபெய்டுக்கு 3% தள்ளுபடியும் கொடுத்தாங்க. இதுல ஒரு நியாயம் இருக்கறதை ஒத்துக்கணும். முன்பணம் கட்டறவன் வாரியத்துக்குக் கடன் கொடுக்கறான், அவனுக்கு விலை குறையறது சரிதான். 47(5) பிரிவுப்படி அவங்ககிட்ட டெபாசிட்டும் கேக்கக் கூடாது. லண்டன் பென்னி மீட்டருக்கு நேர் எதிர் இது, பரவாயில்லையே!

ஆனா 56வது பிரிவையும் படிக்கணும். பாக்கி வச்சா கரண்ட்டைக் கட் பண்றதுக்கு முன்னாடி 15 நாள் எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுக்கணும். அந்தப் பதினஞ்சு நாள்லதான் நம்ம ஜனங்க ஆடு வித்து, நகையை அடகு வச்சு, மச்சான்கிட்ட கைமாத்து வாங்கி கட்டறாங்க. ப்ரீபெய்டுல பேலன்ஸ் தீர்ந்தா மெசேஜ் வரும், அப்புறம் மீட்டரே அணைச்சுடும். சிக்னல் இல்லாத ஊர்ல மெசேஜ் எங்க வரும்? ரீசார்ஜ் பண்ண அந்தப் பெரியவர் எத்தனை தடவை கீழ இறங்கணும்? ரெண்டு மாசத்துக்கு ஒரு இருபது ரூபா, மாசத்துக்கு நாலு இருபது ரூபாயா ஆயிடாதா?

எனக்குத் தோணற கணக்கு இதுதான். பணம் கட்ட எந்த வழி வேணும்னு தேர்ந்தெடுக்கற வசதி ஒருத்தருக்கு இருந்தா, விலையில சின்ன வித்தியாசம் தப்பில்ல. வேற வழியே இல்லாதவருக்கு அதே வித்தியாசம் அபராதம். எனக்குக் கிடைக்கற தள்ளுபடியை, அது கிடைக்காத யாரோ ஒருத்தர்தான் கட்டிக்கிட்டு இருப்பார். கவுண்டர் நடத்த செலவாகுதுன்னா, மலை ஊருக்கு மாசம் ஒரு நாள் வசூல் வண்டி விடறதும், ரீடிங் எடுக்க வர்ற ஆளே பணத்தையும் வாங்கிக்கறதும் ஒரு வழிதான். அந்தச் செலவை நம்ம எல்லார் பில்லுலயும் பரப்பினா ஆளுக்கு சில பைசா. ஒரு பைசாவுக்கு உயிர் கொடுத்த ஊர் நம்மது, சில பைசாவுக்குக் கணக்குப் பாக்க மாட்டோம்னு நம்பறேன்.

அந்தப் பெரியவர் ரசீதை அட்டைக்குள்ள வச்சு மடிச்சு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார். பஸ் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

டிஸ்கி: கடைப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் மட்டும் இல்லன்னா அவருக்கு இன்னொரு நாள் கூலியும் போயிருக்கும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல வாடகைக்கு இருக்கறவங்க யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. ஊர் பேரும் ரூபாயும் போதும், வீட்டுக்காரர் பேர் வேண்டாம். எனக்கு அடி வாங்கற தெம்பில்ல :-)