சும்மா இருந்த ஆண்டுகள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா இருக்கிறது. அது போன்ற இடத்தில் பட்டம் வாங்கி, கல்யாணம், பிள்ளைகள், படுக்கையில் விழுந்த மாமியார் என்று எட்டுப் பத்து வருஷம் கழித்து பயோடேட்டா எழுத உட்காரும் பெண், பட்டம் பெற்ற ஆண்டுக்கு அடுத்த வரியில் திகைத்து நிற்பாள். கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருந்தேன்" என்பாள். இந்தச் 'சும்மா' கணக்கு எழுதியவர்கள் பழக்கிவிட்ட சொல். அது எப்படிப் பழகியது என்பதைப் பார்க்கக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். வீட்டுத் தறியில் பெரும்பாலும் அது மனைவியோ பிள்ளையோதான். அதற்கு முன்பே நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைத் தார் சுற்றியாக வேண்டும். தறியில் பழைய பாவு முடிந்தால், ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் புதுப் பாவோடு விரலால் முறுக்கிச் சேர்க்கும் அச்சுப் பிணைப்பு வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் கூலி ஏறுவதோ உறுப்பினர் கணக்கில். பெண் உறுப்பினர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கணவர் பெயரில் தறி இருந்தால், தார் சுற்றிய கைக்குத் தனி வரி கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35.22 லட்சம் தொழிலாளர்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். துணைப்பணி செய்வோரையும் சேர்த்து எண்ணியதால் தெரிந்த தொகை இது. எண்ணினால் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணாத வழக்கத்துக்கும் ஆவணம் உண்டு. தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுவேலை மட்டும் பார்ப்பவருக்கு 92, அதோடு வீட்டுத் தேவைக்காகத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவருக்கு 93 என்று குறியீடு. இரண்டுமே உழைப்பாளர் படைக்கு வெளியே. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பிரிவில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010-ல் கண்டித்தது.

அதற்காகப் பயோடேட்டாவில் சமையலை 'மேலாண்மை' என்று எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சொத்தில் மனைவிக்குச் சமபங்கு தந்த தீர்ப்பில் இல்லத்தரசியை மேலாளர், சமையல் கலைஞர், வீட்டு மருத்துவர் என்றெல்லாம் வரிசைப்படுத்தினார். சொத்து வழக்கில் அது எடுபட்டது. பயோடேட்டாவில் எடுபடாது, படிப்பவர் சிரித்துவிடுவார். பராமரிப்பு என்று எழுதினால் 'இவர் அடிக்கடி லீவு போடுவார்' என்று ஒதுக்கமாட்டார்களா என்பது இன்னும் கனமான கேள்வி. சிலர் ஒதுக்கத்தான் செய்வார்கள். ஆனால் வெற்றிடத்தைப் பார்ப்பவர் அதைவிட மோசமாகவே ஊகிப்பார். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டமோ, பணியில் இடைவெளி விழுந்தவர்களுக்காகவே வந்தது. வேறோர் இடத்தில் குறையாகத் தெரியும் அதே ஆண்டுகள் அந்தப் படிவத்தில் தகுதியாயின.

2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவிகளுக்கான தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவிடும் என்றார்கள் சிலர். தொகை சிறிதுதான். ஆனால் 'உதவி' என்று வழக்கமாக வரும் இடத்தில் 'உரிமை' என்று வந்ததைச் சும்மா விட்டுவிட முடியாது. பயோடேட்டாவிலும் அதேபோல ஒரு வரி போதும்: "2015 முதல் 2023 வரை, குடும்பத்தில் முதியவர் பராமரிப்பு, 2022-ல் கணக்கியல் மென்பொருள் பயிற்சி." நோயின் பெயர் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.