தசைநாணுக்கு ஹார்ட்கோர், கேஷுவல் தெரியாது

1/ கட்டைவிரல் வலின்னு ஓபிக்கு வர்றவங்ககிட்ட "வீடியோ கேம் ஆடுவீங்களா?"ன்னு கேட்டா, நடுவயசுக்காரங்க பெரும்பாலும் சிரிச்சிடுவாங்க. "அதெல்லாம் பையன்தான் டாக்டர்." சரி, போன்ல மிட்டாய் உடைக்கிறது? "அது சும்மா, டைம்பாஸ்."

2/ இந்த "சும்மா"வுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. கேம் ஆடுறவங்களை ஹார்ட்கோர், கேஷுவல்னு ரெண்டு ஜாதியா பிரிச்சது எப்படி? மருத்துவ இதழ்களை ஒரு கையில வச்சுக்கிட்டுப் பார்த்தா கதை நல்லா விளங்கும். நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

3/ ஜப்பான்ல 1978-ல வந்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின். 1980-ல நாம்கோ கம்பெனியின் டோரு இவாடானி பேக்-மேனை உருவாக்கினப்போ அவர் நோக்கமே வேற: பெண்களும் ஜோடிகளும் ஆர்கேடுக்கு வரணும். அதனால சுடுறதை விட்டுட்டு, சாப்பிடுறதை விளையாட்டாக்கினார். உலகமே ஆடுச்சு.

4/ 1981-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம்: "ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மணிக்கட்டு". இந்த விளையாட்டால வந்த மணிக்கட்டு வலி பத்தினது. கேம் வந்து மூணே வருஷத்துல வலிக்கும் பேர் வச்சாச்சு!

5/ 1983-ல அமெரிக்காவில் கேம் சந்தை படுத்துருச்சு. தரமில்லாத கேம்கள் குவிஞ்சு, கடைக்காரங்க "வீடியோ கேம்"னாலே பயந்தாங்க. 1985-ல அங்க நுழைஞ்ச நிண்டெண்டோ, கூடவே ஒரு குட்டி ரோபாட்டையும் வச்சு, தன் மெஷினை பொம்மை மாதிரி வித்தது.

6/ பொம்மைக் கடையில அப்போ ஆண் பிள்ளைக்கு ஒரு வரிசை, பெண் பிள்ளைக்கு ஒரு வரிசை. வீடியோ கேம் போய்ச் சேர்ந்தது ஆண் பிள்ளை வரிசையில. 90-களின் விளம்பரங்கள் பெரும்பாலும் அந்தப் பையன்களைப் பார்த்தே பேசின. அவங்க வளர்ந்து, பல மணி நேரம் ஆடி, "ஹார்ட்கோர்" ஆனாங்க. அதாவது, இந்த அடையாளத்துல பாதி கடை அலமாரியில செஞ்சது.

7/ ஆனா உடம்பு விளம்பரம் பார்க்குமா? 1990-ல அதே இதழில் இன்னொரு கடிதம்: "நிண்டெண்டினைட்டிஸ்". வலது கட்டைவிரலை நீட்டுற தசைநாணில் கடும் வலி. காரணம், விடாம அஞ்சு மணி நேரம் நிண்டெண்டோ. நோயாளி யார்? 35 வயசுப் பெண்.

8/ அதே 1990-ல விண்டோஸ் 3.0 கூட சாலிடேர் சீட்டாட்டம் வந்தது. மவுஸைப் பிடிச்சு இழுக்கப் பழக்கவும் அது உதவிச்சு. ஆபீஸ் ஆபீஸா ஆடினாங்க. அவங்களை யாராவது "கேமர்"னு சொன்னாங்களா? இல்லை. 1997-ல நோக்கியா போன்ல பாம்பு வந்தது. நாமும்தான் ஆடினோம். நம்மளையும் யாரும் சொல்லலை.

9/ 2001-ல பிஜூவெல்டு. கல்லை மாத்தி மூணு சேர்க்குற விளையாட்டு. இந்த வகை கேம்களுக்கு நடுவயசுப் பெண்கள் பெரிய வாடிக்கையாளர்களா வந்தாங்க. தொழில் இதுக்கு வச்ச பேர்தான் "கேஷுவல்". கேமுக்கு வச்ச பேர் மெல்ல ஆட்களுக்கும் ஒட்டிக்கிச்சு. அலட்சியமும் கூடவே வந்தது.

10/ 2006-ல நிண்டெண்டோ வீ. இதுவரை ஆடாதவங்களை ஆட வைக்கணும்ங்கிறது தலைவர் சடோரு இவாடாவின் திட்டம். ரிமோட்டை வீசினா டென்னிஸ். தாத்தா பாட்டி எல்லாம் எழுந்து ஆடினாங்க. 10 கோடிக்கு மேல வித்தது. "எங்களைக் கைவிட்டுட்டாங்க"ன்னு பழைய ரசிகர்கள் பலருக்குக் கோபம்.

11/ 2007, மறுபடி அதே இதழ். ஞாயிறு காலை தோள் வலியோட எழுந்தார் 29 வயசு பயிற்சி மருத்துவர் ஒருத்தர். அடிபட்டதா? இல்லை. விளையாட்டு, உடற்பயிற்சி? இல்லை. துருவிக் கேட்டப்புறம்தான் வந்தது: புதுசா வாங்கின வீயில பல மணி நேரம் ஆடியிருக்கார். நோயின் பேர் "வீயைட்டிஸ்". டாக்டருக்கே அது கணக்குல வரலை பாருங்க!

12/ 2012-ல கேண்டி க்ரஷ். அஞ்சு உயிர், போன உயிர் ஒண்ணு திரும்ப அரை மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமா, ஆனா நாள் முழுக்கத் திரும்பி வர்ற மாதிரி அமைப்பு. "கேஷுவல்" ஆட்களும் நீண்ட நேரம் ஆடுறாங்க, கஷ்டமான சவால்களைத் தேடுறாங்கன்னு ஆய்வாளர் யெஸ்பர் யூல் இதுக்கு முன்னாடியே புத்தகம் எழுதிட்டார்.

13/ 2014-ல "யார் நிஜ கேமர்?"ங்கிற சண்டை அசிங்கமாச்சு. "கேமர்கேட்"ங்கிற பேர்ல, கேம் உருவாக்கின, விமர்சிச்ச பெண்களுக்குக் கொலை மிரட்டல் வரைக்கும் போச்சு. கடை அலமாரியில பிறந்த அடையாளத்துக்கு இவ்வளவு விலை.

14/ 2015-ல ஜாமா குழும இதழ் ஒண்ணுல வந்த நோயாளி: 29 வயசு ஆண். போன்ல மூணு சேர்க்குற விளையாட்டு, நாள் முழுக்க, 6 முதல் 8 வாரம். இடது கட்டைவிரல் தசைநாண் அறுந்தே போச்சு. ஆள்காட்டி விரலின் தசைநாண் ஒண்ணை எடுத்து ஆபரேஷன்ல இணைச்சாங்க. விளையாட்டு, வலி தெரியாம மறைக்கக்கூடும்னும் அந்தக் கட்டுரை எச்சரிச்சது.

15/ இப்போ 7-ஐயும் 14-ஐயும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பையன்கள் மெஷினில் 35 வயசுப் பெண். "பெண்கள் கேம்"ல 29 வயசு ஆண். ரெண்டு பேருக்கும் பாதிச்சது கட்டைவிரலை நீட்டுற அதே தசைநாண், கை மட்டும்தான் வேற. லேபிள் கேமுக்குத்தான், விரலுக்கு இல்லை.

16/ உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்த ஐசிடி-11 பட்டியலில் "கேமிங் கோளாறு" இருக்கு. அது பார்க்கிறது மூணு: கட்டுப்பாடு போச்சா? மத்த வேலைகளை விட விளையாட்டு முக்கியமாச்சா? கெடுதல் தெரிஞ்சும் தொடருதா? பொதுவா 12 மாசம் இப்படி இருந்து, வாழ்க்கையே பாதிக்கணும். எந்த கேம்னு அதுல கேள்வியே இல்லை.

17/ பயப்பட வேண்டாம். ஆடுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்தக் கோளாறு கிடையாது. ஆனா வீட்டுல பையனை "எந்நேரமும் கேம்"னு திட்டுறதுக்கு முன்னாடி, அந்த மூணு கேள்வியை நம்மகிட்டயும் கேட்டுப் பார்ப்போம். அளவுகோல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

18/ அடுத்த தடவை டாக்டர் கேட்டா "கேம் ஆட மாட்டேன்"னு சொல்லாதீங்க. எது, எத்தனை மணி நேரம், எந்தக் கை, இதைச் சொல்லுங்க. நானும் இப்போ கேள்வியை மாத்திட்டேன்: "போன்ல என்ன ஆடுறீங்க?" பதில் உடனே வருது, கூடவே எத்தனாவது லெவல்னும்!