பாலை மரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது



திரியாய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மலையிலுள்ள கிரிஹண்டு சைத்தியமும், பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டிய பழைய சமஸ்கிருதக் கல்வெட்டும்தான். அந்த மலையைச் சுற்றிய காட்டுக்குக் கல்வெட்டு இல்லை. அதனால் அதற்கு வரலாறே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இன்று பாலை மரத்தின் கதையைச் சொல்கிறேன்.

சிங்களத்தில் இதன் பெயர் பலு. தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். உலக்கைக்கு ஏற்ற உறுதியான மரம். வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்று இன்றும் இந்த மரத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

அந்த உறுதியே மரத்துக்கு வினையானது. வெள்ளைக்காரர் காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை வேண்டும், பாலத்துக்கு உத்தரம் வேண்டும் என்று உலர்வலயக் காட்டுப் பாலைகள் வெட்டப்பட்டன. நம் வீடுகளுக்கும் வளை, தூண் என்று வெட்டினோம். பாலை மிக மெதுவாக வளரும். ஒரு நாளில் சாய்த்ததை ஒரு தலைமுறையில் திரும்பப் பெற முடியாது.

பிறகு யுத்தம். 1985இல் திரியாய் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். 2002 சமாதான காலத்தை ஒட்டித்தான் மெல்லத் திரும்பத் தொடங்கினார்கள். வயலும் வளவும் காடாகிக் கிடந்தன. வீட்டை மீண்டும் கட்டலாம், வயலை ஒரு போகத்தில் திருத்தலாம். பெரிய பாலைக்கு அப்படிக் குறுக்கு வழி இல்லை.

வெயில் காய்ந்து குளங்கள் வற்றும் மே முதல் ஜூலை வரையில்தான் பாலை பழுக்கும். காட்டில் வேறு பழம் குறைவான நேரம் அது. கரடிக்கு இதைவிடப் பிடித்த பழம் இல்லை. பழத்தை விதையோடு விழுங்கி, வேறோர் இடத்தில் எச்சத்தோடு விட்டுவிடும். காட்டில் பாலையை நடுகிறவர் அவர்தான்! குரங்கும் பறவைகளும் வௌவாலும் மரத்தில் உண்ண, உதிர்ந்ததை மான் பொறுக்கும். நமக்கும் பங்கு உண்டு. உதட்டில் பால் ஒட்டினாலும் அந்த இனிப்பை யார் விடுவார்கள்?

ஆனால் இப்போது சிலர் பழம் பறிக்கக் கிளையையே வெட்டி விழுத்துகிறார்கள். சில சுண்டுப் பழத்துக்காகப் பல வருடக் காய்ப்பு போகிறது. பசித்த கரடி ஊர்ப்பக்கம் வந்தால் பிறகு கரடியைக் குறை சொல்கிறோம். விரிப்பை விரித்துக் கிளையை உலுக்கினால் போதும். உச்சியில் இருப்பதைக் காட்டுக்கு விட்டுவிடுங்கள்.

வளவில் வளர்க்க விரும்புவோர் பழம் சாப்பிட்டதும் விதையைக் கழுவி, காய்ந்து பழசாகுமுன் பையில் ஊன்றுங்கள். விதை ஓடு கெட்டியானது, முளைக்க வாரக்கணக்கில் ஆகலாம். கன்றை மாரி மழை தொடங்கும்போது நல்ல வெயில் படும் இடத்தில் நட்டு, ஆடு மாடு கடிக்காமல் வேலி போடுங்கள். முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றினால் போதும். சப்போட்டாவும் பாலையின் இனம்தான். இந்தியாவில் பாலைக் கன்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள், அவ்வளவு உறுதியான வேர்.

காய்ப்பதைப் பார்க்க நாம் இருப்போமா என்று கேட்கலாம். நட்ட மரத்தில் மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். கோவிலுக்குப் போகும் அயலவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

குச்சவெளியிலிருந்து புல்மோட்டை வரை, பள்ளிவாசல், கோவில், பாடசாலை வளவுகளில் இந்த மாரிக்கு ஒவ்வொரு பாலைக் கன்று நடுவோமா?