தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி

தேய்ந்த தோள்மூட்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் உலோகக் குமிழும் பிளாஸ்டிக் கிண்ணமும் பெரும்பாலும் அன்றே உறுதியாக நின்றுவிடும். அவற்றைப் பொருத்துவதற்காகப் பிரித்துத் தைத்த தசைநாண் ஆறத்தான் வாரக்கணக்கில் ஆகும். பயிற்சியின் வேகம் அந்தத் தையலைப் பொறுத்தது.

அந்தத் தசையின் பெயர் சப்ஸ்கேபுலாரிஸ். தோள்பட்டை எலும்பின் உட்புறத்தில் படர்ந்து, மேற்கை எலும்பின் முன்பக்கத்தைப் பிடித்திருக்கிறது. வழக்கமான முறையில் மூட்டுக்குள் போகும் வழி அதுதான். அதனால் ஏறக்குறைய 6 வாரங்களுக்குக் கையை வெளிப்பக்கம் அதிகம் திருப்பக் கூடாது. பல மருத்துவர்கள் 30 பாகையோடு நிறுத்தச் சொல்கிறார்கள். நாற்காலியில் அந்தக் கையை ஊன்றி எழுவதும் ஆகாது. தையல் விட்டுப்போனால் குமிழ் முன்னோக்கி நழுவலாம். வயிற்றின் மேல் உள்ளங்கையை அழுத்தும் வலுவும் குறைந்துவிடும்.

முதல் நாள் நரம்பு மரப்பு ஊசியால் கை மரத்துக் கிடக்கும். மரப்பு விலகும்போது, பெரும்பாலும் இரவில், வலி திடீரென ஏறும். அதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகள் உடனே தொடங்கிவிடும். 4 முதல் 6 வாரம் கைத்தொட்டில். படுக்கும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வைத்தால் கை பின்னால் சரியாது.

குனிந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு உடலை மெல்ல ஆட்டும் ஊசல் பயிற்சி, பாஸ்டன் மருத்துவர் கோட்மேனின் பெயரால் அறியப்படுகிறது. அடுத்து, மல்லாந்து படுத்து மற்றக் கையால் இந்தக் கையைத் தூக்குவது. பிறகு கப்பி. சொந்த பலத்தில் தூக்குவது 6 வாரத்துக்குப் பின். ரப்பர் பட்டையை இழுத்து வலுவூட்டுவது பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பின். நவீன செயற்கைத் தோளின் முன்னோடியான நியூயார்க்கின் சார்லஸ் நீர், இந்தப் பயிற்சிமுறையைப் பற்றி 1975இலேயே இயன்முறை மருத்துவர்களுக்கான இதழில் இணைந்து எழுதினார். அறுவையோடு தன் வேலை முடிந்ததாக அவர் நினைக்கவில்லை.

மூன்றாம், நான்காம் வாரமே ஆபத்தானது. வலி குறைந்திருக்கும், தசைநாண் ஆறியிருக்காது.

பிரான்சின் டிஜோன் நகரில் பால் கிராமோன் 1985இல் கொண்டுவந்த தலைகீழ் மூட்டுக்கு எச்சரிக்கைகள் வேறு. அதில் குமிழ் தோள்பட்டை எலும்பிலும் கிண்ணம் கையிலும் இருக்கும். கிழிந்துபோன தசைநாண்களின் வேலையை டெல்டாய்டு தசை ஏற்கும். சட்டையைப் பின்னால் செருகுவது, உள்ளாடையின் பின்கொக்கியை மாட்டுவது போன்ற அசைவுகளில் அந்த மூட்டு விலகக்கூடும். நன்றாகத் தேறிவரும் வேளையில் தோளின் உச்சியில் புதிதாக வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெல்டாய்டு இழுக்கும் எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்கலாம்.