சொல்லும் எழுத்தும்: பெண்கள் இலக்கியம் படைக்க வேண்டியவை

பெண்கள் இலக்கியம் படைக்க என்ன வேண்டும் என்னும் வினாவுக்கு நம்மிடையே ஆயத்தமாக ஒரு விடை உண்டு. ‘திறமை இருந்தால் போதும், ஔவையார் பாடவில்லையா, ஆண்டாள் பாடவில்லையா?’ என்பதே அவ்விடை. இது பெண்களைப் போற்றுவதுபோல் தோன்றும். ஆயினும் பாடாமற் போனவர்களுக்குத் திறமை இல்லை என்னும் முடிவு அதனுள் மறைந்திருக்கிறது. இம்முடிவு சரியானதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். தமிழில் 115 நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வை இதற்கு நடுச்சான்றாகக் கொள்வோம்.

பணமும் தனியறையும்

இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டில் கூர்மையாக எழுப்பியவர் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். 1928ஆம் ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரு மகளிர் கல்லூரிகளில் அவர் உரையாற்றினார். அவ்வுரைகள் விரிவுபெற்று மறு ஆண்டில் நூலாயின. ஒரு பெண் புனைவிலக்கியம் எழுத வேண்டுமாயின் அவளுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வருவாயும் பூட்டுப் போடத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போன்றே திறம்வாய்ந்த தங்கை ஒருத்தி இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என அவர் கற்பனை செய்து காட்டினார். அவள் பள்ளிக்குச் சென்றிருக்கமாட்டாள். நாடக மன்றத்தின் வாயிலைத் தாண்டியிருக்கமாட்டாள். ஒரு வரியும் எழுதாமல் இறந்திருப்பாள் என்பது அவர் கூற்று.

அந்நூலில் நம் கவனத்துக்குரிய சிறு செய்தி ஒன்றுண்டு. கதைசொல்லியாக வரும் பெண்ணுக்கு அந்த 500 பவுண்டு, பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை ஒருவரின் சொத்திலிருந்து வருகிறது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த செய்தியும் இச்சொத்துச் செய்தியும் ஒரே காலத்தில் வருகின்றன. இரண்டனுள் பணமே பெரிதாகத் தோன்றியது என்கிறாள் அவள். எழுத்து வானத்திலிருந்து இறங்குவதன்று. அடுப்பு, வருவாய், வீடு ஆகியவற்றோடு பிணைந்தது என்பதே வுல்ஃப் நிறுவிய உண்மை.

எனினும் வுல்ஃப் மனத்தில் கொண்ட பெண் எழுதப் படிக்கத் தெரிந்தவள். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அறைக்கும் பணத்துக்கும் முன்னதாக வேண்டுவது ஒன்று இங்கே உண்டு, அதுவே எழுத்தறிவு.

பாடுதலும் எழுதுதலும்

தமிழ்மரபில் இலக்கியம் படைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல் ‘பாடுதல்’ என்பதாகும். ‘கம்பர் பாடினார்’ என்றும் ‘ஔவை பாடினார்’ என்றுமே வழங்குகிறோம். யாத்தல் வேறு, ஏட்டில் பொறித்தல் வேறு. சங்க இலக்கியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்களின் பாடல்கள் உள்ளன. ஔவையார் பெயரில் மட்டும் 59 பாடல்கள் கிடைக்கின்றன. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்குச் சேரமன்னன் அணிகலன் செய்துகொள்ளப் பொன்னும் நூறாயிரம் காணமும் அளித்தான் என்று அதன் பதிகம் கூறுகிறது. பதிகம் பிற்காலத்தது எனினும், பாடியதற்காக ஒரு பெண் பொருள் பெறுவது இயல்பே என்னும் எண்ணம் அதில் பதிவாகியுள்ளது. அவைக்குச் செல்லும் உரிமையும் பரிசிலும் இருந்த சூழலில் பெண்கள் பாடினர், அப்பாடல்கள் தொகுக்கவும்பட்டன.

பின்னர் வந்த காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் வேறு நிலையைக் காட்டுகின்றனர். அம்மையார் இல்லறத்தையும் தம் உடலின் இளமையையும் துறந்தார் என்பது மரபு. மானிடர்க்கு மனைவியாதலை மறுத்தவர் ஆண்டாள். இருவரும் குடும்பப் பெண்ணின் அன்றாட வாழ்வுக்கு வெளியே நின்று பாடியவர்கள். ஆகவே ‘ஆண்டாள் பாடவில்லையா?’ என்று கேட்போர், இல்லத்துக்குள் இருந்த பெண் ஏன் பாடவில்லை என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

உண்மையில் இல்லத்துக்குள் இருந்தவளும் பாடினாள். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் அவளுடையவை. அவை ஏடேறவில்லை, ஏடேறாதவை இலக்கியம் என்று எண்ணப்படவுமில்லை.

இங்கே ஓர் ஒப்புமை தெளிவு தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களை வாயாற் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். உ. வே. சாமிநாதையர் இதனை வியந்து பதிவு செய்துள்ளார். பிறர் எழுதச் சொல்வது அங்கே புலமையின் பெருமை. அதே செயலை எழுத்துப் பயிற்சி இல்லாத பெண் செய்தால் அது குறையாகக் கருதப்பட்டது. இருவர் செய்ததும் படைப்பே. ஒருவரைச் சுற்றி மடமும் மாணாக்கரும் இருந்தனர். மற்றவருக்கு அவ்வாறு எவரும் இல்லை. வேறுபாடு திறத்தில் இல்லை, சூழலில் இருந்தது.

கோதைநாயகிக்குக் கிடைத்த துணைகள்

கோதைநாயகி 1901இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஆறு வயதுகூட நிறையாமலே மணம் செய்விக்கப்பட்டார். முறையான பள்ளிக்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கதை சொல்லும் ஆற்றல் இளமையிலேயே அவரிடம் இருந்தது. கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அவற்றைக் கண்ட ஊக்கத்தால் ‘இந்திர மோகனா’ என்னும் நாடகத்தைத் தம் மனத்தில் அமைத்தார். அதனை எழுத அவருக்குக் கை பழகவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் பட்டம்மாள் என்னும் தோழி. தமிழின் மிகப்பெரும் நாவல் வரிசைகளுள் ஒன்று இவ்வாறு இரு பெண்களின் கூட்டு உழைப்பில் தொடங்கியது.

அவருக்கு வாய்த்தவற்றை எண்ணிப் பார்ப்போம். தடுக்காத கணவர் ஒருவர். எழுதத் தெரிந்த தோழி ஒருத்தி. தொடக்கத்தில் வழிகாட்டிய நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். இம்மூவருள் ஒருவர் இல்லாதிருப்பினும் 115 நாவல்களும் அவர் உள்ளத்திலேயே நின்றிருக்கக்கூடும். அவர் பெயரின் முன்னெழுத்துகளான ‘வை. மு.’ என்பவையும் புகுந்த வீட்டின் குடிப்பெயரைக் குறிப்பவை. அக்குடும்பத்தின் இசைவே அவருக்கு எழுதும் வெளியைத் தந்தது. ஆயினும் இசைவு வேறு, உரிமை வேறு. கொடுப்பவர் மனம் மாறினால் இசைவு மறையும்; உரிமை அவ்வாறு மறையாது.

இசைவிலிருந்து உரிமையை நோக்கி அவர் எடுத்து வைத்த அடி 1925இல் நிகழ்ந்தது. நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழைப் பெற்று அதன் ஆசிரியரானார். பெண்களுக்கான தமிழ் இதழ்கள் அதற்கு முன்னரே இருந்தன. 1905இல் வெளிவரத் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’ மாதர் இதழே. அதன் ஆசிரியராக இருந்தவர் பாரதியார். பெண்களின் மேம்பாட்டை நாடிய அவ்விதழ்களுட் பலவற்றில் எது அச்சேற வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஆண்கள். கோதைநாயகியும் அவர்காலத்துப் பெண் இதழாசிரியர் சிலரும் அம்முடிவைத் தம் கையில் எடுத்தனர். அவர் நாளடைவில் அச்சகமும் நிறுவினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், அங்கும் எழுதினார். 1960இல் மறையும்வரை அவருடைய எழுத்துக்கு வாயில்காப்போன் எவனும் இல்லை. வுல்ஃப் கேட்ட பூட்டுள்ள அறை, அவருக்கு ஓர் அச்சுக்கூடமாக அமைந்தது எனலாம்.

சொத்தும் சட்டமும்

தனியொருவரின் நற்பேறு எல்லாருக்கும் உரிய நிலைமை ஆகாது. அதனை ஆக்கக்கூடியவை இயக்கமும் சட்டமும் ஆகும். வுல்ஃபின் நூல் வெளிவந்த அதே 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பெண்களின் குறைந்த அளவு மண வயதைப் பதினான்காக வகுத்த சாரதா சட்டமும் அவ்வாண்டில்தான் இயற்றப்பட்டது. கோதைநாயகியின் மண வயதை இதனோடு ஒப்பிட்டால் சட்டம் எவ்வளவு பிந்தி வந்தது என்பது விளங்கும். செங்கற்பட்டில் கேட்கப்பட்ட சொத்துரிமையோ இன்னும் பிந்தியது. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. இடையில் அறுபது ஆண்டுகள் கழிந்தன.

இவ்வியக்கச் சூழலில் உருவானவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தாம் பிறந்த சமூகச் சூழலில் கண்ட தேவதாசி முறையின் கொடுமையை 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலாக்கினார். மேடையும் தோழமையும் இருந்தமையால், பேசக் கூசியது எழுத்தாயிற்று.

எழுதியதைக் காத்தல்

எழுதினால் மட்டும் போதுமா? பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி, ‘ராதிகா சாந்துவனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான பதிப்பில் அவர் தம்மைப்பற்றியும் தம் தாய்வழியைப்பற்றியும் கூறிய பகுதிகள் விடப்பட்டிருந்தன. அக்குறையைக் கண்டு 1910இல் முழுநூலையும் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண் எழுதத் தகாதவை அதில் உள்ளன என்ற கண்டனம் எழுந்தது. 1911இல் அரசு நூலைத் தடை செய்தது. 1940களின் பிற்பகுதியில் தடை நீங்கி, 1952இல் நூல் மீண்டும் அச்சேறியது. ஒரு பெண்ணின் எழுத்தை மற்றொரு பெண் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னும் நாற்பதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் பள்ளிப் படிப்பு பதின்மூன்று வயதளவில் நிறுத்தப்பட்டது. மணமான பின் வீட்டார் அறியாமல் இரவில் குளியலறையில் ஒளிந்து எழுதியதை அவரே கூறியுள்ளார். பூட்டுள்ள அறை என்னும் வுல்ஃபின் சொல்லுக்கு இதைவிடத் துயரமான பொருள் வேறில்லை. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் அவருடைய நாவல் 2004இல் வெளிவந்தது.

நம் மண்ணில்

மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராக வந்த நம் முன்னோர் பெண்களை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பி மீண்டும் அடுப்பைப் பற்றவைத்தவள் அவள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்க வகைசெய்தது. ஆயினும் தம்பி தங்கையரைக் காப்பதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமிகள் பலர். அவர்களிடம் பணமுமில்லை, அறையுமில்லை, எழுத்துமில்லை, பொழுதுமில்லை. பாட்டு மட்டும் இருந்தது.

இதழ்கள் தோன்றியபோது நிலைமை சிறிது மாறியது. ‘தமிழ் நேசன்’ 1924இலும் ‘தமிழ் முரசு’ 1935இலும் தொடங்கின. 1950களில் தமிழ் நேசனின் கதை வகுப்பும் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமும் இளையோர் எழுதிப் பழக இடம் தந்தன. ஏட்டின் ஒரு பக்கம் திறந்தால் எழுதும் கைகள் தாமே பெருகும் என்பதற்கு இந்நாட்டு இலக்கிய வரலாறு சான்றாகும். இன்று நம் வகுப்பறைகளில் தமிழ் பயிலும் மாணவியர் மிகப் பலர். அவர்களுக்கு எழுத்தறிவு வாய்த்துவிட்டது. பொழுதும் தனியிடமும் வெளியிடும் உரிமையும் வாய்த்துள்ளனவா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

பெண்ணியம் என்னும் சொல்லைக் கேட்டதும் அதனை ஆண்களுக்கு எதிரான வழக்கு என எண்ணுவோர் உண்டு. இலக்கிய வரலாற்றில் அது ஒரு கணக்கெடுப்பு. எழுதியோர் யார், எழுத முடியாதோர் யார், எழுதியும் இழக்கப்பட்டோர் யார், இவை எக்காரணங்களால் நேர்ந்தன என்று அது கேட்கிறது. திறமையை மட்டும் காரணமாகக் கூறினால் இக்கணக்கு நேராகாது. கல்வி, பொழுது, பொருள், இடம், வெளியீட்டு உரிமை, காப்போர் என்னும் ஆறும் கணக்கில் வர வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே தொடங்கலாம். பாடநூலில் இடம்பெறும் ஒவ்வொரு பெண் புலவரையும் கற்பிக்கும்போது, அவருக்கு எழுதும் வாய்ப்பைத் தந்தவை எவை என்று மாணவரை ஆராயச் சொல்லலாம். மேலும் ஒரு பணி உண்டு. தோட்டத்துப் பாட்டும் கதையும் அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் சொன்னபடியே எழுதி, சொன்னவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து வைக்கட்டும். பட்டம்மாள் தம் தோழிக்குச் செய்தது இவ்வளவே. அவர் அன்று அதனைச் செய்யாதிருந்தால், கோதைநாயகி என்னும் பெயரை இன்று நாம் அறிந்திருக்கமாட்டோம்.