இரத்த இழப்பும் நாளங்களின் தற்காப்பும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் கவாத்துக் கத்தி தொடைத் தமனியை அறுத்தாலோ, மலைப்பாதை வளைவில் லாரி கவிழ்ந்தாலோ, அதில் பெரும்பகுதி சில நிமிடங்களில் வெளியேறிவிடலாம். அப்போது உயிரைத் தாங்கி நிற்பவை இரத்த நாளங்களே.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இழப்பை நொடிப்பொழுதில் முகுளத்துக்கு உணர்த்துகின்றன. பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரக்கின்றன. தோல், குடல், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் நுண்தமனிகள் சுருங்குகின்றன. மொத்த இரத்தத்தில் மூன்றில் இரு பங்கைக் கொண்டுள்ள சிரைகளும் இறுகி, அதை இதயத்துக்குத் தள்ளுகின்றன. ஆஞ்சியோடென்சினும் வாசோபிரெசினும் இச்சுருக்கத்தை நீடிக்கச் செய்கின்றன. தந்துகிகளில் அழுத்தம் தாழ்வதால் திசுநீர் உள்ளே ஊறி, இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் ஓட்டம் இவ்வாறு காக்கப்படுகிறது.

இந்தத் தற்காப்பே ஆபத்தை மறைக்கவும் செய்யும். இழப்பு 30 விழுக்காட்டை எட்டும்வரை மேல் இரத்த அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவே காட்டும். நாடி 100-ஐத் தாண்டுவதும், மேல், கீழ் அழுத்தங்களின் இடைவெளி குறுகுவதும், தோல் வெளிறிச் சில்லிடுவதும் முன்னறிகுறிகள். சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலை நகரான தானா ராத்தாவில், சில்லிட்ட கையை மலைக்குளிர் என்று எண்ணிவிடக் கூடாது.

சுருக்கம் நீண்டால் திசுக்கள் உயிர்வளியின்றி லாக்டிக் அமிலத்தைப் பெருக்குகின்றன. அமிலமும் நைட்ரிக் ஆக்சைடும் மிக, வாசோபிரெசின் இருப்பு வற்ற, நுண்தமனிகள் நரம்பின் ஆணைக்கு இணங்காமல் தளர்கின்றன. தந்துகிகளில் இரத்தம் தேங்கி, சுவர் வழியே நீர் கசிகிறது. இந்நிலை முற்றினால், பிறகு இரத்தம் ஏற்றினாலும் மீட்பது அரிது.

தோட்டத்திலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஈப்போவின் பெரிய மருத்துவமனைக்கும் வளைந்து செல்லும் பாதையில் நேரம் கரையும். ஆகவே காயத்தை அழுத்திப் பிடித்தலும், கை கால் காயம் அதற்கும் அடங்காவிடில் மேற்புறம் இறுகக் கட்டுதலும் விபத்து நடந்த இடத்திலேயே நடைபெற வேண்டும். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது குன்றும்; போர்வை அவசியம். அறுவை தேவைப்படலாம் என்பதால் சூடான தேநீர் உட்பட எதையும் குடிக்கத் தரலாகாது. மருத்துவமனையில் இரத்தப்போக்கை நிறுத்தி இரத்தம் ஏற்றுவதே அடிப்படைச் சிகிச்சை. நாளங்கள் ஏற்கெனவே சுருங்கி நிற்பதால், சுருக்கும் மருந்து இரத்தத்துக்கு மாற்றாகாது.